பதினோராவது வளைவு

சின்ன டாக்டர்: அண்ணே, கல்லு! கல்லு, கல்லு, கல்லு!

டிரைவர்: பாத்துட்டேன்மா. கிடக்குறது ஒரு கல்லு. அதுக்கு எதுக்கு நாலு தடவ கத்துற?

சின்ன டாக்டர்: பாத்துட்டுத்தான் அது மேலயே ஏத்தினீங்களா?

டிரைவர்: ஜீப்புக்கு அதெல்லாம் ஒரு கல்லா? பல்லுல மாட்டின கடலைத் தோல்.

தையல்காரம்மா: தம்பி! டிரைவர் தம்பி! என் தலை கூரையில போய் முட்டிக்கிச்சு. கண்ணுக் கட்டு மட்டும் அவுந்துதுன்னா, வண்டியத் திருப்பி என்ன அந்தப் பெரிய டாக்டர்கிட்டயே கொண்டுபோய் விடணும். சொல்லிட்டேன்.

சின்ன டாக்டர்: அக்கா, கட்டுல கை வைக்காதீங்க. நாளைக்குக் காலைல மேல நம்ம கண்ணு மையத்துக்கு வாங்க. நானே அவுத்து விடுறேன்.

டிரைவர்: பின்னாடி எல்லாரும் பத்திரமா? எண்ணிச் சொல்லுங்கக்கா.

தையல்காரம்மா: யாரு எண்ணுறது? ஆஸ்பத்திரி வாசல்ல ஆறு பேரு ஏறினோம். ஆறு பேருக்கும் ஆபரேஷன் பண்ண கண்ணுல கட்டு, பண்ணாத கண்ணுல புரை. மொத்தத்தையும் ஒண்ணா சேத்தாலும் உருப்படியா ஒரு கண்ணு தேறாது. முன்னாடி இருக்குற நீங்க ரெண்டு பேரும் பாத்துட்டு வாங்க, போதும்.

டிரைவர்: கேட்டியா சின்ன டாக்டர்? பொறுப்பு நம்ம தலைல.

சின்ன டாக்டர்: டாக்டர்னு கூப்பிடாதீங்கன்னு எத்தன தடவ சொல்றது? கண்ணு பரிசோதிக்க ரெண்டு வருஷம் படிச்சேன், அவ்வளவுதான். ரோட்டப் பாருங்கண்ணே.

டிரைவர்: ரோட்டத்தான் பாக்குறேன்.

சின்ன டாக்டர்: இடது பக்கம் விளிம்பு.

டிரைவர்: தெரியும்.

சின்ன டாக்டர்: ரொம்பக் கிட்ட...

டிரைவர்: தெரியும்மா! நாலு மாசமா இதே ரோதனை. முன்னெல்லாம் பின்னாடி ஏறி அவங்களோட கதை பேசிட்டு வருவ. இப்ப முன் சீட்டப் புடிச்சிக்கிட்டு என் உசுர வாங்குற. கல்லுங்குற, ஆடுங்குற, பள்ளம்ங்குற. இந்த மலைக்கு ஜீப் ஓட்டுறது நீயா நானா?

சின்ன டாக்டர்: பின்னாடி உக்காந்தா எனக்குக் குமட்டுது.

டிரைவர்: அஞ்சு வருஷம் குமட்டல?

சின்ன டாக்டர்: ...இப்ப குமட்டுது.

தையல்காரம்மா: அவளுக்குக் கல்யாண வயசு தம்பி. காத்து வாங்குறா போல. விடு.

டிரைவர்: காத்து வாங்குற இடமா இது? பனி இறங்குது பாருங்க. மணி மூணரைதான் ஆகுது, அதுக்குள்ள வெள்ளைப் போர்வைய இழுத்துப் போத்திக்கிச்சு மலை.

சின்ன டாக்டர்: வேணா கீழயே தங்கிடலாமான்னு கேட்டேன். நீங்கதான் கேக்கல.

டிரைவர்: தங்கிட்டா? நாளைக்கு மேல முகாம். இருபத்திரண்டு பேர் வரச் சொல்லியிருக்க. ஜீப் வரலன்னா அப்படியே திரும்பிப் போயிடுவாங்க. ஒரு தடவ ஏமாந்தவங்கள மறுபடி கண்ணு காட்ட வரவைக்க உன்னால முடியுமா?

சின்ன டாக்டர்: முடியாது.

டிரைவர்: போன வருஷம் எனக்குக் காய்ச்சல். பதிலுக்கு வந்தான் பாரு ஒருத்தன்... நாலாவது வளைவுலயே வண்டிய நிறுத்தி, சாவிய உன் கைல குடுத்துட்டு, நடந்தே இறங்கிட்டான்.

சின்ன டாக்டர்: அழுதுட்டே இறங்கினான்.

டிரைவர்: ஆங்! அதான் சொல்றேன். இந்த வழிக்கு நான் ஒருத்தன். மூணு மாசம் ஜீப் ஓடலன்னா மையத்துக்குப் பூட்டுன்னு பெரிய டாக்டர் சொல்லிட்டுத்தானே இருக்காரு.

சின்ன டாக்டர்: எல்லாம் தெரியும்ணே. பேசாம ஓட்டுங்க.

டிரைவர்: நான் பேசாம ஓட்டினா நீ பயப்படுவ.

சின்ன டாக்டர்: நீங்க பேசினாலும் பயமாத்தான் இருக்கு.

தையல்காரம்மா: என்ன பயம்? யாருக்குப் பயம்?

சின்ன டாக்டர்: ஒண்ணுமில்லக்கா. தூங்குங்க.

டிரைவர்: எதுக்க லாரி வருது. ரோடு போடுறவங்க வண்டி. ஓரம் கட்டுறேன்... என்ன இவன், ஹெட்லைட்டுக்குக் கலர் கலரா தாள் ஒட்டியிருக்கான்?

சின்ன டாக்டர்: கலரா?

டிரைவர்: வெளிச்சத்தச் சுத்தி வட்டமா... வானவில் மாதிரி. வெளிய சிவப்பு, உள்ள நீலம். உனக்குத் தெரியல?

சின்ன டாக்டர்: சாதா மஞ்சள் லைட்டுண்ணே அது.

டிரைவர்: அப்படியா? பனியில எனக்கு அப்படித் தெரிஞ்சிருக்கும்.

சின்ன டாக்டர்: தலை வலிக்குதா?

டிரைவர்: காலைலருந்து. வெறும் வயித்துல டீ குடிச்சேன், அதான்.

சின்ன டாக்டர்: எந்தப் பக்கம்?

டிரைவர்: புருவத்துக்கு மேல... விடு. மாத்திரை போட்டாச்சு.

சின்ன டாக்டர்: வாந்தி?

டிரைவர்: ஆஸ்பத்திரி பின்னாடி ஒரு தடவ. கோர்ட்டு வக்கீலாட்டம் நோண்டாத.

சின்ன டாக்டர்: வலது கண்ணுதானே?

டிரைவர்: உனக்கு எப்படித் தெரியும்?

சின்ன டாக்டர்: அத... தேய்ச்சிக்கிட்டே வர்றீங்களே.

டிரைவர்: தேய்க்கல. தண்ணி வருது.

சின்ன டாக்டர்: அண்ணே. என்னப் பாக்க வேணாம், நேராவே பாருங்க. பாத்து, உள்ளது உள்ளபடி சொல்லுங்க. முன்னாடி என்ன தெரியுது?

டிரைவர்: ரோடு.

சின்ன டாக்டர்: ரோட்டுல என்ன இருக்கு?

டிரைவர்: ...ரோட்டுல என்ன இருக்கும்?

சின்ன டாக்டர்: வெள்ளைக் கோடு இருக்கா?

டிரைவர்: இருக்கு.

சின்ன டாக்டர்: இல்லண்ணே. இந்த ரோட்டுல கோடே கிடையாது. எவ்வளவு நேரமா?

டிரைவர்: மெதுவாப் பேசு. பின்னாடி கேக்கும்.

சின்ன டாக்டர்: எவ்வளவு நேரமா தெரியல?

டிரைவர்: செக்போஸ்ட் தாண்டினப்ப லேசா புகை மாதிரி... அப்புறம் புகை கெட்டியாயிடுச்சு. பனின்னுதான் நினைச்சேன். நிஜமாவே பனின்னுதான் நினைச்சேன்மா.

சின்ன டாக்டர்: செக்போஸ்ட் தாண்டி ஒன்பது வளைவு வந்துட்டோம்!

டிரைவர்: பத்து. இப்ப வந்தது பத்து.

சின்ன டாக்டர்: எப்படி ஓட்டினீங்க?

டிரைவர்: மனப்பாடம்தான். பதினாலு வருஷமா இந்த மலையில ஏறி இறங்குறேன். வளைவு முடிஞ்சதும் ரெண்டாவது கியர், முப்பது எண்ணணும். இன்ஜின் சத்தம் பாறைல பட்டுத் திரும்பும். சத்தம் மாறினா ஒடிக்கணும். அவ்வளவுதான்.

சின்ன டாக்டர்: அவ்வளவுதானா? பின்னாடி ஆறு பேரு...

டிரைவர்: உஷ்.

தையல்காரம்மா: என்ன எண்ணுறீங்க ரெண்டு பேரும்?

டிரைவர்: மைல் கல்லுக்கா.

தையல்காரம்மா: எண்ணுங்க, எண்ணுங்க. நான் ஊசில நூல் கோத்து மூணு வருஷமாச்சு. பக்கத்து வீட்டுக்காரிய நம்பித்தான் பொழப்பு. கட்டு அவுத்ததும் முதல் வேலையா அவ ஜாக்கெட்டுக்குத்தான் காஜா எடுக்கப் போறேன். நூறு கோத்தாலும் இந்தக் கண்ணு அசராதுன்னு டாக்டர் சொன்னாரே, நிஜமா பொண்ணு?

சின்ன டாக்டர்: நிஜம்தான்கா... அண்ணே, நிறுத்துங்க. இங்கயே நிறுத்துங்க.

டிரைவர்: இங்கயா? மேல பாரு. என்ன தெரியுது?

சின்ன டாக்டர்: பாறை. மண்ணு... ஈரமா வழியுது.

டிரைவர்: மழை பெஞ்ச மறுநாள் இந்த இடத்துல எவனும் வண்டி நிறுத்த மாட்டான். கேளு... கேட்டுச்சா?

சின்ன டாக்டர்: பொடிக்கல்லு உருளுது.

டிரைவர்: முதல்ல பொடி வரும். அப்புறம் அதோட அப்பன் வருவான். பன்னெண்டாவது வளைவு தாண்டினா ரோடு வேலைக்காரங்க கொட்டகை. இடம் அகலம். உன் போனுக்கு டவரும் கிடைக்கும். இன்னும் அரை மைல்தான்.

சின்ன டாக்டர்: திரும்பிடலாம்.

டிரைவர்: எங்க திருப்புறது? நடுவுல நிமித்தவே இடமில்ல.

சின்ன டாக்டர்: எல்லாரையும் இறக்கி நடத்திக் கூட்டிட்டுப் போயிடலாமா?

டிரைவர்: கட்டோட ஆறு பேர? இந்த விளிம்புல? ஒருத்தர் கால் வழுக்கினா கோத்துப் புடிச்சிருக்குற ஆறு பேரும் போவாங்க.

சின்ன டாக்டர்: எனக்கு வண்டி ஓட்டக் கத்துக் குடுங்கன்னு எத்தன தடவ கேட்டேன்!

டிரைவர்: கத்துக் குடுத்திருக்கணும். சரி, இப்ப திட்டாத. பயத்துல என் கால் கியர்ல நிக்க மாட்டேங்குது... கால் இல்ல, கை. பாரு, எதுன்னே தெரியல.

சின்ன டாக்டர்: சரி. சரிண்ணே. நான் சொல்றேன். மெதுவா எடுங்க.

டிரைவர்: சொல்லு.

சின்ன டாக்டர்: நேரா. நேரா... கொஞ்சம் வலது. போதும். நேரா.

டிரைவர்: முப்பது எண்ணியாச்சு. சத்தம் மாறுது. பதினொண்ணு. இடது பக்கம் முழுசா ஒடிக்கணும்.

சின்ன டாக்டர்: இருங்க.

டிரைவர்: இப்ப ஒடிக்கலன்னா பாறைல இடிப்போம். ஒடிக்கிறேன்.

சின்ன டாக்டர்: இருங்கண்ணே! பனி... சரியா தெரியல... ரோடு எங்க?

டிரைவர்: இங்கதான் இருக்கு. எனக்குத் தெரியும்.

சின்ன டாக்டர்: நிறுத்துங்க! ரோடு இல்ல! அங்க ரோடே இல்ல! பிரேக், பிரேக்...

தையல்காரம்மா: ஐயோ!

சின்ன டாக்டர்: அசையாதீங்க.

டிரைவர்: என்னாச்சு?

சின்ன டாக்டர்: விளிம்பு இடிஞ்சு விழுந்திருக்கு. பாதி ரோட்டக் காணோம். முன் சக்கரம் ஓரத்துல நிக்குது.

டிரைவர்: காலைல வரும்போது இருந்துச்சே.

சின்ன டாக்டர்: இப்ப இல்லண்ணே.

டிரைவர்: அந்த லாரி... அந்த லாரி இறங்கும்போது இருந்திருக்கணுமே.

சின்ன டாக்டர்: அவன் வெயிட்டுலதான் விழுந்துச்சோ என்னவோ. யோசிக்க வேணாம். பின்னாடி எடுங்க. ஜான் ஜானா.

தையல்காரம்மா: ஏன் நின்னுச்சு? பின் சீட்டுல தபால்காரர் என் மடியில விழுந்து கிடக்காரு!

சின்ன டாக்டர்: ஆடுக்கா. குறுக்க வந்துடுச்சு.

தையல்காரம்மா: ஆடா? மணிச் சத்தம் கேக்கலயே. கத்தக்கூட இல்லயே.

டிரைவர்: ஊமை ஆடு.

தையல்காரம்மா: ...டிரைவர் தம்பி, உன் குரல் ஏன் நடுங்குது?

டிரைவர்: குளிருதுக்கா.

சின்ன டாக்டர்: இன்னும் பின்னாடி. வாங்க, வாங்க... போதும். பிரேக்க அழுத்திப் புடிச்சிட்டே இருங்க. நான் இறங்குறேன்.

டிரைவர்: எங்க போற?

சின்ன டாக்டர்: பாறைப் பக்கம் ஒரு வண்டி போற அளவுக்கு இருக்கு. நான் பாறையத் தொட்டுக்கிட்டே முன்னாடி நடக்குறேன். என் குரலுக்கு நேரா வாங்க.

டிரைவர்: பனியில குரல் எங்கருந்து வருதுன்னு தெரியாதும்மா.

சின்ன டாக்டர்: நிறுத்தாம பேசினா தெரியும்.

டிரைவர்: என்ன பேசுவ?

சின்ன டாக்டர்: ஏதாவது. ஜன்னலத் திறந்து வைங்க. வைப்பர நிறுத்துங்க, சத்தம் வேணாம்... கேக்குதா? நான் முன்னாடி நிக்கிறேன்.

டிரைவர்: கேக்குது. பேசு.

சின்ன டாக்டர்: மேல் பள்ளிக்கூடத்துக் காவல்காரர், ரெண்டு கண்ணும். வாங்க. பால் ஊத்துறவரோட சம்சாரம், இடது கண்ணு. வாங்கண்ணே, நேரா. மரம் அறுக்குற அண்ணன், வலது கண்ணு...

டிரைவர்: என்ன இது?

சின்ன டாக்டர்: அடுத்த ஆபரேஷனுக்குக் காத்திருக்கவங்க லிஸ்ட். எனக்கு வேற எதுவும் மனப்பாடம் இல்ல. வலது, வலது! கண்ணாடி பாறைல உரசினாலும் பரவாயில்ல. சலவைக்காரர், ரெண்டு கண்ணும். சலவைக்காரரோட மாமியார், ரெண்டு கண்ணும்...

டிரைவர்: அந்தம்மா மருமகனோட பேசுறதில்லயே, ரெண்டு பேரையும் ஒரே வண்டியில ஏத்தவா போற?

சின்ன டாக்டர்: சிரிக்க வைக்காதீங்க... நேரா. நேரா. தண்ணித் தொட்டி காவல் பாக்குறவர், இடது. ஐயோ...

டிரைவர்: என்ன? என்னம்மா? பேசு! பேசு!

சின்ன டாக்டர்: கல்லு விழுந்துச்சு. என் மேல படல. தோள்ல லேசா. வாங்க, நிறுத்தாதீங்க.

டிரைவர்: நீ பேச்ச நிறுத்தாத. நீ நிறுத்தினா எனக்கு இருட்டு.

சின்ன டாக்டர்: தபாலாபீஸ் பெரியவர். ரேஷன் கடை அம்மா. தேன் எடுக்குற தாத்தா... அவரு ஆபரேஷனே வேணாங்குறாரு, இன்னும் பேசிச் சம்மதிக்க வைக்கணும். பின் சக்கரம் தாண்டிடுச்சு! வாங்க! தாண்டிட்டோம். தாண்டிட்டோம்ணே.

டிரைவர்: ஏறு. சீக்கிரம் ஏறு.

தையல்காரம்மா: ஊமை ஆட்டுக்கு ஊர் லிஸ்ட் எல்லாம் படிச்சுக் காட்டினியா பொண்ணு? கண்ணுதான் கட்டியிருக்கு. காது கட்டல. இன்னும் எவ்வளவு தூரம்?

சின்ன டாக்டர்: ஒரே ஒரு வளைவு.

தையல்காரம்மா: சரி. அதுவரைக்கும் நான் வாயத் திறக்கல. மத்தவங்களும் திறக்காம பாத்துக்குறேன். கொட்டகைல நிக்கட்டும், அப்புறம் இருக்கு உங்களுக்கு.

சின்ன டாக்டர்: நேரா... இடது, லேசா... நேரா. கொட்டகை தெரியுது. ஆளுங்க இருக்காங்க. நிறுத்துங்கண்ணே. நிறுத்திடுங்க.

டிரைவர்: நின்னாச்சா?

சின்ன டாக்டர்: நின்னாச்சு. சாவிய எடுங்க. என்கிட்ட குடுங்க. தலையப் பின்னால சாய்ங்க. கண்ண மூடுங்க, இமை மேல விரல் வைக்கிறேன்.

டிரைவர்: ஆ! மெதுவா.

சின்ன டாக்டர்: கடவுளே... கோலிக்குண்டு மாதிரி இருக்கு.

டிரைவர்: அப்படின்னா?

சின்ன டாக்டர்: உள்ள அழுத்தம் ஏறியிருக்கு. நல்ல கண்ணு அமுக்கினா கொஞ்சம் குழையணும். அசையாதீங்க, சொட்டு மருந்து விடுறேன். இந்த ரெண்டு மாத்திரையும் முழுங்குங்க. பெரிய டாக்டருக்குப் போன் போட்டிருக்கேன், ரிங் போகுது, இருங்க... சார்? நான்தான் சார். டிரைவர் அண்ணனுக்கு... ஆமா சார், வலது கண்ணு. வளையம் தெரியுது, வாந்தி, கண்ணு கல்லா இருக்கு. காலைலருந்து சார்... விட்டாச்சு. மாத்திரையும் குடுத்தாச்சு... இருக்கு சார், கொட்டகைல ஒரு வண்டி நிக்குது. பழைய ரோடு வழியா கீழ இறங்கும்னு சொல்றாங்க... மூணு மணி நேரம் ஆகும் சார்... என்ன சார்? ...சரி சார்.

டிரைவர்: என்ன சொன்னாரு?

சின்ன டாக்டர்: உடனே கிளம்பச் சொன்னாரு. போனதும் பாத்துடுவாரு.

டிரைவர்: அது இல்ல. கடைசியா ஒண்ணு சொன்னாரே. உன் மூஞ்சி தெரியல எனக்கு, ஆனா உன் மூச்சு நின்னுச்சு.

சின்ன டாக்டர்: ...பார்வை திரும்புமான்னு இப்ப சொல்ல முடியாதாம்.

டிரைவர்: வேற?

சின்ன டாக்டர்: நாலு மாசத்துக்கு முன்னாடி வந்திருந்தா சின்ன வைத்தியத்துலயே தடுத்திருக்கலாமாம். ரெண்டு கண்ணும் கடைசி வரி வரைக்கும் தெரியுதுன்னு அப்பதானே நீ சர்டிபிகேட் எழுதின, அதுக்குள்ள எப்படின்னு கேட்டாரு.

டிரைவர்: நீ என்ன சொன்ன?

சின்ன டாக்டர்: ஒண்ணும் சொல்லல.

தையல்காரம்மா: இப்ப நான் பேசலாமா?

டிரைவர்: பேசுங்கக்கா.

தையல்காரம்மா: கண்ணு தெரியாமலா எங்கள ஏத்திட்டு வந்த?

டிரைவர்: ஆமாக்கா.

தையல்காரம்மா: எனக்குப் பார்வையக் குடுத்த கையோட உசுர எடுக்கப் பாத்தியா?

டிரைவர்: திட்டுங்க. நல்லா திட்டுங்க. இன்னும் ஒண்ணு இருக்கு, அதையும் கேட்டுட்டுத் திட்டுங்க. தங்கச்சி, நீயும் கேளு. இன்னைக்குப் போனது வலது கண்ணு. இடது கண்ணு ரெண்டு வருஷமா கிடையாது.

தையல்காரம்மா: என்னது!

டிரைவர்: ஓரத்துலருந்து இருட்டு வந்துச்சு. கொஞ்சம் கொஞ்சமா மூடிடுச்சு. ஒரு கண்ணு போதும்னு ஓட்டிட்டேன்.

தையல்காரம்மா: இந்தப் பொண்ணு வருஷா வருஷம் உன்ன சோதிக்கிறாளே!

டிரைவர்: அங்கதான் ஏமாத்தினேன். சீப்பு மாதிரி படம் போட்ட அட்டை இருக்குல்ல? பல்லு மேலயா, கீழயா, இடதா, வலதான்னு கை காட்டணுமே, அது. ஒவ்வொரு முகாம்லயும் ஆணி அடிச்சு அத மாட்டுறது நான்தான். ஆறு மீட்டர் கயிறு புடிச்சு அளக்குறதும் நான்தான். அஞ்சு வருஷமா ஊர் ஜனமே அதப் படிக்கிறத கேட்டுட்டு நிக்கிறேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். வலது கண்ண மூடிக்கிட்டு கடகடன்னு ஒப்பிச்சேன், கடைசி வரி வரைக்கும்.

தையல்காரம்மா: அடப்பாவி. உன்ன நம்பி கையெழுத்துப் போட்ட பிள்ளை அது. அவ வேலை போகுமே, யோசிச்சியா? வெக்கமா இல்ல?

டிரைவர்: இருக்கு. அதனாலதான் மறைச்சேன். ஊருக்கே கண்ணு காட்டக் கூட்டிட்டுப் போறவன், எனக்குக் கண்ணு இல்லன்னு யார்கிட்ட போய்ச் சொல்ல? நான் எறங்கிட்டா ஜீப் நிக்கும், மையம் மூடும்... சாக்குதான். உள்ளுக்குள்ள பயம்.

சின்ன டாக்டர்: அண்ணே, வண்டி கிளம்பத் தயாரா நிக்குது. ஏறுங்க.

டிரைவர்: இரு. அக்கா, நீங்க சாட்சி. பெரிய டாக்டர்கிட்ட நானே சொல்லிடுவேன். ஏமாத்தினது நான், இவ மேல ஒரு தப்பும் இல்லன்னு கைநாட்டு வச்சுக் குடுத்துடுவேன்.

சின்ன டாக்டர்: வேணாம்ணே.

டிரைவர்: ஏன் வேணாம்? நான் அன்னைக்கு உண்மையச் சொல்லியிருந்தா, அன்னைக்கே என்ன கழுத்தப் புடிச்சுக் கீழ அனுப்பியிருப்ப. இந்தக் கண்ணாவது மிஞ்சியிருக்கும். நீ என்ன பண்ணுவ பாவம், உனக்குத் தெரியாதே.

தையல்காரம்மா: அழாத பொண்ணு. உன் தப்பு இல்லன்னுதான் அவனே சொல்றானே. வா, கையக் குடு.

சின்ன டாக்டர்: அக்கா, என் கைய விடுங்க... விடுங்க.

டிரைவர்: தங்கச்சி? எங்க இருக்க? இந்தப் பக்கமா? நான் ஒரு வரிகூடத் தப்பா சொல்லலயே. உன் இடத்துல எந்தப் பெரிய டாக்டர் இருந்திருந்தாலும் கண்டுபிடிச்சிருக்க முடியாது.

சின்ன டாக்டர்: அன்னைக்கு நீங்க ஆளுங்கள இறக்கிட்டு இருந்தீங்க, அட்டைய நான்தான் மாட்டினேன். தொடச்ச ஈரம் காயட்டும்னு திருப்பி மாட்டியிருந்தேன்ணே. நீங்க உள்ள வரும்போதே வலது கண்ணப் பொத்திக்கிட்டு வந்து, கடைசி வரி வரைக்கும் படிச்சீங்களே... அது அட்டையோட வெறும் வெள்ளைப் பக்கம். முழுசையும் கேட்டுட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன்.